பிளேடு முனை வேகத்தைக் குறைத்தால் சத்தம் குறைகிறது, செலவு ஏறுகிறது: என்ன வழி?

ஜக்கூர்வாசி:
வணக்கம். பெங்களூருவில் நாங்கள் சிலர் சேர்ந்து, நின்ற இடத்திலிருந்தே மேலே எழும்பும் மின்சார விமானம் ஒன்றை வடிவமைத்து வருகிறோம். பைலட்டும் இரண்டு பயணிகளும், மொத்த எடை 1,400 கிலோ, 2.4 மீட்டர் விட்டத்தில் ஆறு ரோட்டார், ஒவ்வொன்றிலும் மூன்று பிளேடு, 75 யூனிட் பேட்டரி.

பிளேடு முனையின் வேகத்தை விநாடிக்கு 160 மீட்டரிலிருந்து 120க்கு இறக்கினால் சத்தம் நன்றாகவே குறைகிறது. ஆனால் மோட்டார் கனமாகிறது, அந்த அளவுக்குப் பயணிகள் எடையில் கை வைக்க வேண்டியிருக்கிறது, கிலோமீட்டருக்கு ஆகும் செலவு ஏறுகிறது. 160க்கே திரும்பினால் ஒயிட்ஃபீல்டு மாதிரி அடுக்குமாடிகள் நெருக்கிய இடத்தில் இறங்க யார் சம்மதிப்பார்கள்? எதை விட்டுக்கொடுக்கலாம்?

ரோட்டார் சார்:
தம்பி, வேகத்தை இறக்கியபோது பிளேடின் பரப்பைக் கூட்டினீர்களா? தூக்குவிசை வேகத்தின் இருமடிப்படி மாறும். 160ஐ 120 ஆக்கினால் அதே எடையைத் தூக்கக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு பரப்பு வேண்டும். அது இல்லையென்றால் பிளேடு ஸ்டாலை (காற்றோட்டம் பிளேடை விட்டுப் பிரிந்து தூக்குவிசை சரியும் நிலை) நெருங்கும், குறைத்த சத்தம் வேறு வடிவில் திரும்ப வரும். மூன்று பிளேடை ஐந்தாக்கி, அகலத்தைச் சற்றுக் கூட்டினால் போதும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவுத்துறைக்காக ஹியூஸ் 500 ஹெலிகாப்டரை அமைதிப்படுத்தியவர்களும் இதைத்தான் செய்தார்கள்: சுழல் வேகத்தைக் குறைத்து, நான்கு பிளேடை ஐந்தாக்கினார்கள்.

பரப்பு கூடினாலும், பிளேடு உராய்வுக்குப் போகும் பவர் கால் பங்கு குறையவே செய்யும், ஏனென்றால் அது வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. உங்களைப் படுத்துவது டார்க், அதாவது முறுக்குவிசைதான். அதே பவரை மெதுவான சுழற்சியில் எடுக்க, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் டார்க் வேண்டும். மோட்டார் எடை அதைத் தொடர்ந்து ஏறும்.

ஜக்கூர்வாசி:
ஆமாம் சார், பரப்பைக் கூட்டித்தான் கணக்குப் போட்டோம். அந்த டார்க்கில்தான் நிற்கிறோம்.

பேட்டரி பித்தன்:
அப்படியென்றால் முனை வேகத்தை 120லேயே வைத்து, விட்டத்தை 2.8 ஆக்கிப் பாருங்கள். அந்தரத்தில் நிற்கத் தேவைப்படும் பவர் விட்டத்துக்குத் தலைகீழாக மாறும். சுழற்சியும் அதே விகிதத்தில் இறங்கும். அதனால் டார்க் ஏறக்குறைய அப்படியே இருக்கும்: மோட்டார் கனக்காமலே பவர் குறைகிறது! பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெயில் நாளில் காற்று இன்னும் மெலிதாகும். அதையும் சேர்த்து நான் போட்டுப் பார்த்ததில் சுமார் 305 கிலோவாட் 265க்குள் வருகிறது.

இதன் பலனை மின் கட்டணத்தில் தேடாதீர்கள். ஏறவும் இறங்கவும் மொத்தம் ஒன்றரை நிமிடம் என்றால் மிச்சமாவது ஒரு யூனிட்தான். ஆனால் பேட்டரி 4 சி-க்குப் பதில் 3.5 சி-யில் மின்னோட்டம் தருகிறது (1 சி என்றால் முழு பேட்டரியும் ஒரு மணி நேரத்தில் தீரும் வேகம்). பயண முடிவில், சார்ஜ் குறைந்து மின்னழுத்தம் விழுந்த நேரத்தில்தான் இறங்க வேண்டும். அதே பவருக்கு அப்போது மின்னோட்டம் இன்னும் ஏறும், செல் சூடாகும், ஆயுள் குறையும். பேட்டரியை எத்தனை பயணத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்பதுதான் உங்கள் செலவுக் கணக்கையே புரட்டிப் போடும்.

ஜக்கூர்வாசி:
இது புது வெளிச்சம், நன்றி. ஆனால் 2.8 என்றால் ரோட்டார்கள் ஒன்றையொன்று நெருங்குமே?

ரோட்டார் சார்:
நெருங்க விடக்கூடாது. ஒன்று கலக்கிவிட்ட காற்றில் இன்னொன்று சுழன்றால் அதுவே தனிச் சத்தம். இறக்கையை நீட்டுங்கள். எடை கொஞ்சம் கூடினாலும், பறக்கும்போது இழுவை குறைந்து பாதிக்கு மேல் ஈடுகட்டலாம். இறங்குதளம் பெரிதாக வேண்டும், அது நிஜமான விலை.

இன்னொன்று. ஐந்து பிளேடு இந்த வேகத்தில் சுழன்றால் அடிப்படை ஒலி 68 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். ஏ-எடையிட்ட டெசிபல் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் திருத்திய அளவு) அந்த இடத்தில் சுமார் 25ஐக் கழித்துவிடும். ஜன்னல் கண்ணாடி கழிக்காது. எனவே எடையிடாத அளவையும் பாருங்கள்.

சத்தத்தையும் செலவையும் ஒரே சூத்திரத்தில் கூட்டி எடைபோட வேண்டாம். இதே மாதிரி மின்சார விமானம் செய்யும் ஜோபி நிறுவனமும் நாசாவும் சேர்ந்து செய்து 2022இல் வெளியான சோதனை முடிவில், ஏறி இறங்கும்போது 100 மீட்டர் தள்ளிச் சத்தம் ஏ-எடையிட்ட 65 டெசிபலுக்குக் கீழே இருந்தது. அதை உச்சவரம்பாகப் பூட்டிவிட்டு, அதற்குள் எது மலிவு என்று தேடுங்கள்.

ஜக்கூர்வாசி:
சரி சார். 2.6, 2.8, 3.0 மூன்றையும் அந்த வரம்போடு ஓட்டிவிட்டு, இறக்கை எடையோடு இங்கேயே போடுகிறேன்.