தூண்டும் மருந்தே சுரப்பை நிறுத்துவது எப்படி?

கேள்வி:
என் அக்கா மகளுக்கு ஏழு வயது. உரிய காலத்திற்கு முன்பே பருவமடையும் அறிகுறிகள் தெரிந்ததால், மாதம் ஒரு முறை லியூப்ரோலைடு ஊசி போடுகிறார்கள். அது மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ் சுரக்கும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனைப் போலச் செயல்படுவது என்று மருந்துத் தாளில் இருக்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி, சினைப்பையை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் சுரக்கச் செய்வதே அந்த ஹார்மோனின் வேலை என்றுதான் நான் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். தூண்டுவதையே கொடுத்துப் பருவமடைதலை நிறுத்துவது எப்படி? முதல் ஊசி போட்ட இரண்டாம் வாரம் சிறிது உதிரப்போக்கும் ஏற்பட்டதால் அக்கா பயந்துபோயிருக்கிறார்.

பதில் 1:
நீங்கள் நடத்தும் பாடம் சரிதான். ஆனால் அந்த ஹார்மோன் விட்டு விட்டு, துடிப்பு துடிப்பாகச் சுரக்கிறது என்பதை நம் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை. 1978-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எர்ன்ஸ்ட் க்னோபில் குழுவினர், ரீசஸ் குரங்குகளின் ஹைப்போதலாமஸில் இந்த ஹார்மோனுக்கு ஆதாரமான பகுதியைச் சிதைத்துவிட்டு, வெளியிலிருந்து அதைச் செலுத்திப் பார்த்தார்கள். மணிக்கு ஒரு முறை ஆறு நிமிடம் மட்டும் செலுத்தியபோது எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் பழைய அளவுக்குத் திரும்பின. இடைவெளியே இல்லாமல் செலுத்தியபோதோ இரண்டும் சரிந்தன. ஓயாத தூண்டலில் பிட்யூட்டரி செல்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் (ஹார்மோனின் செய்தியைப் பெறும் புரதங்கள்) குறைந்துவிடுகின்றன. எஞ்சியவை பெறும் செய்தியும் செல்லுக்குள் மங்கிவிடுகிறது. இயற்கையான ஜி.என்.ஆர்.எச். இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுவதால் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் செல்லுக்கு ஓய்வு கிடைக்கிறது. ஒரு மாதம் கசிந்துகொண்டே இருக்கும்படி தயாரிக்கப்பட்ட ஊசி அந்த ஓய்வைத்தான் பறிக்கிறது.

பதில் 2:
குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் என்ற முறையில் உதிரப்போக்கைப் பற்றிச் சொல்கிறேன். ஏற்பிகள் குறைவதற்கு முன், தொடக்க நாட்களில் மருந்து உண்மையிலேயே தூண்டத்தான் செய்யும். அதனால் சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சற்று உயரும். பிறகு அது சட்டென்று இறங்கும்போது, ஏற்கெனவே தடித்திருந்த கருப்பை உட்படலம் உதிர்கிறது. முதல் ஊசிக்குப் பின் ஒரு முறை இப்படி வருவது எதிர்பார்க்கக்கூடியதே. அடுத்தடுத்த ஊசிகளுக்குப் பிறகும் தொடர்ந்தால் மட்டும், மருந்தின் அளவு போதுமா என்று உங்கள் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும். எப்படியும் இந்த முறை வந்ததை அவரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: பருவமடைதலின் தொடக்கத்தில் இத்துடிப்புகள் பெரும்பாலும் இரவு உறக்கத்தில்தான் எழுகின்றன என்பதால், பகலில் எடுத்த ஒரே ஒரு எல்.எச். அளவைப் பார்த்து முடிவுக்கு வந்துவிட முடியாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஊசியை நிறுத்திய பிறகு சுரப்பி பழையபடி இயங்குமா?

பதில் 1:
இயங்கும். மருந்து செயலிழக்கச் செய்வது பிட்யூட்டரியின் செவியை மட்டுமே; அதை நிறுத்திய சில மாதங்களில் ஏற்பிகள் மீண்டு, பருவமடைதல் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஹைப்போதலாமஸ் துடிப்புகள் ஓய்ந்து மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு, இதே ஜி.என்.ஆர்.எச்.-ஐச் சிறு பம்பு மூலம் ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒரு முறை செலுத்திக் கருமுட்டை வெளிப்படச் செய்கிறார்கள். வகுப்பில் இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். மாணவர்களுக்கு எளிதில் பிடிபடும்.