அப்டேட்: ஜாடில வச்ச ரோஜா தலை தொங்குற விஷயம்

ஜாடில வச்ச ரோஜா, இதழ் வாடுறதுக்கு முன்னாடியே கழுத்து மடிஞ்சு தொங்குது ஏன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, காரணம் பிடிபட்டுருச்சு. பூவுக்கு வயசாகி வாடல, தண்ணி மேல ஏறல, அவ்ளோதான். காம்ப வெட்டின உடனே உள்ள இருக்குற மெல்லிசான குழாய்ல காத்து புகுந்துக்குது, அப்புறம் ஜாடித் தண்ணில பாக்டீரியா பெருகி மிச்ச வழியையும் அடைச்சிருது, பாவம் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே தாகத்துல தொங்குது.

இப்ப காம்போட அடிய தண்ணிக்குள்ள முக்கி வச்சுக்கிட்டே ஒரு 2 சென்டிமீட்டர் சாய்வா வெட்டுறேன், கத்தி நல்லா கூர்மையா இருக்கணும், மொக்கை கத்திரி காம்ப நசுக்கிரும். தண்ணிக்குள்ள முங்குற இலை எல்லாத்தையும் உருவிடணும், அழுகல் அதுலதான் ஆரம்பிக்குது. ஜாடிய சோப்பு போட்டு தேய்ச்சு கழுவுங்க, தண்ணி தெளிவா தெரிஞ்சாலும் ரெண்டு நாளைக்கு ஒருதடவை மாத்திருங்க.

சர்க்கரை போடலாமான்னு சிலர் கேட்டீங்க. தனியா போடாதீங்க, பூவுக்கு அது சாப்பாடுதான் ஆனா பாக்டீரியாவுக்கும் அதே சாப்பாடு, அதனாலதான் ஜாடித் தண்ணில கலக்கன்னு கடையில விக்கிற பூ பவுடர்ல சர்க்கரையோட அமிலமும் கிருமிய தடுக்குற மருந்தும் சேர்ந்தே இருக்கு.

அப்புறம் பழுக்குற வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்துல ஜாடி வேணாம், அதுலேர்ந்து வர்ற எத்திலீன் வாயு கார்னேஷன் மாதிரி பூவ சீக்கிரமே சுருட்டிரும். தொங்கிப்போன ரோஜாவ தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுராதீங்க, காம்ப புதுசா வெட்டி முழுசா தண்ணில படுக்க வச்சா பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல நிமிந்துருது. டாஃபடில் பூ இருந்தா மட்டும் அதுக்கு தனி ஜாடி, காம்புல வடியுற பிசுபிசுப்பு மத்த பூவ கெடுத்துரும்.