பத்தாவது முடித்தவர் நர்சிங் அசிஸ்டென்ட் ஆக என்ன படிக்கலாம்?

கேள்வி (திருச்சி):
வயது 33. பத்தாவது பாஸ். மாமியாரை எட்டு மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டபோதுதான் இந்த வேலை எனக்கு வரும் என்று தெரிந்தது. ஒரு வருடம் படித்தால் நர்ஸ் ஆகலாம் என்று ஒரு இடத்தில் சொல்கிறார்கள். சேரலாமா?

பதில் 1:
அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள், அக்கா. நானும் அப்படிச் சேர்ந்துதான் ஏமாந்தேன். ஏ.என்.எம். என்கிற துணை நர்ஸ் படிப்பே இரண்டு வருடம், அதற்கு பிளஸ் டூ வேண்டும். தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ். உங்கள் படிப்புக்கு ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் பயிற்சி சரியாக வரும். அது உதவியாளர் வேலை, ஊசி போடக் கூடாது.

அப்புறம், வார்டில் எத்தனை நாள் நிற்க வைப்பார்கள் என்று கேளுங்கள். முதல் வாரம் நான் கட்டைவிரலால் நாடி பார்த்தேன். சிஸ்டர் என் கையைப் பிடித்து, "அதில் உன் துடிப்பே தெரியும்மா" என்று ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் வைத்துக் காட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன், 78. இதெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து வராது.

பதில் 2:
படுத்த நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். இழுக்காமல் விரிப்போடு சேர்த்துத் தூக்கப் பழகுங்கள். உங்கள் இடுப்பும் முக்கியம்.

கேள்வி கேட்டவர்:
மாமியாரை இழுத்துத்தான் திருப்பினேன். நாளைக்கே வார்டு பயிற்சி பற்றிக் கேட்கிறேன். நன்றி தங்கச்சி.