காரைக்குடியில் நின்ற சார்ஜ் பள்ளத்தூரில் நிற்கவில்லை, பேட்டரி மாற்றணுமா?

பள்ளத்தூர் பேரன்:
வணக்கம். போன் வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. ஆண்ட்ராய்டு, 5ஜி, 5000 எம்ஏஹெச் பேட்டரி. காரைக்குடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தவரை காலை ஏழு மணிக்கு 100-ல் கழற்றினால் படுக்கப் போகும்போது 35, 40 இருக்கும். அப்பத்தா வழுக்கி விழுந்ததிலிருந்து இரண்டு மாதமாக ஊர் வீட்டில் இருக்கிறேன். இங்கே மதியம் சாப்பிட உட்காரும்போதே 30. நாலு மணிக்குச் செத்துவிடுகிறது. இத்தனைக்கும் இங்கே போனைத் தொடுவதே குறைவு. கணக்கு வேலை முழுக்க லேப்டாப்பில்தான்.

வெளிச்சத்தைக் குறைத்தேன், டார்க் மோட் போட்டேன், லொகேஷனை அணைத்தேன், அரை மணிக்கு ஒருமுறை எல்லா ஆப்பையும் தள்ளி மூடுகிறேன். பேட்டரியை மிச்சப்படுத்தும் என்று ஒரு ஆப் போட்டேன். அது விளம்பரம்தான் காட்டுகிறது. ஒரு கடையில் கொடுத்தால், கையில் வாங்கிய மறு நிமிஷமே "பேட்டரி போச்சு தம்பி, 1,800 ஆகும்" என்றார்கள். மாற்றிவிடலாமா?

சும்மா வந்தவன்:
ஒரு தடவை தானாக அணையும்வரை விட்டு, 100 வரை நிறுத்தாமல் ஏற்றுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால் பேட்டரி பழைய நிலைக்கு வரும்.

சர்வீஸ் மேசை:
அது பழைய நிக்கல் கேட்மியம் பேட்டரிக்குச் சொன்ன வைத்தியம் அண்ணே. இப்போதைய போனில் இருப்பது லித்தியம் அயன், பாதியில் ஏற்றி ஏற்றிக் கொள்ளளவு குறைகிற அந்த 'மெமரி' நோய் அதற்குக் கிடையாது. அடிமட்டம்வரை அடிக்கடி இறக்கினால் அதற்குத்தான் கேடு. காட்டும் சதவீதம் தாறுமாறாகக் குதித்தால் எப்போதாவது ஒருமுறை செய்யலாம், அவ்வளவுதான்.

தம்பி, ஆப்பைத் தள்ளி மூடுவதை முதலில் நிறுத்துங்கள். மூடிய ஆப்பை மறுபடி திறக்கும்போது அடியிலிருந்து எழுப்ப வேண்டும், அதற்குத்தான் கூடுதல் மின்சாரம் போகும். உங்கள் திரை எல்சிடியா அமோலெட்டா? எல்சிடி என்றால் டார்க் மோடால் பைசா பிரயோஜனம் இல்லை. பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்த விளம்பர ஆப்பையும் தூக்குங்கள்.

பேட்டரி மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. கெட்டுப்போன பேட்டரி ஊர் பார்த்து இறங்காது. நாலு விஷயம் சொல்லுங்கள்: அமைப்புகளில் பேட்டரி பக்கத்தில் எது அதிகம் தின்கிறது? போனை எங்கே வைக்கிறீர்கள்? எத்தனை சிம்? லேப்டாப்புக்கு நெட் எங்கிருந்து?

பள்ளத்தூர் பேரன்:
எல்சிடி அண்ணே. பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டேன்.

பேட்டரி பக்கத்தில் முதலிடம் மொபைல் நெட்வொர்க், அடுத்தது ஹாட்ஸ்பாட். காரைக்குடி அறையில் வைஃபை இருந்தது. இங்கே போனிலிருந்துதான் லேப்டாப்புக்கு நெட். சிம் இரண்டு. இரண்டாவதற்கு ஊரில் டவரே கிடையாது, பழைய நம்பர் என்று வைத்திருக்கிறேன்.

வைக்கும் இடம் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டு, அங்கே ஒரு மாடக்குழி. அந்தப் பகுதியில் இருக்கும் ஒரே பிளக் பாயின்ட் அதன் பக்கத்தில்தான். சாயங்காலம் அதே குழியில் அப்பத்தா விளக்கு ஏற்றச் சொல்வார்கள், அப்போது போனை ஒரு ஓரமாக நகர்த்தி வைப்பேன். டவர் ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்லை.

கோட்டையூர் டீச்சர்:
அங்கேதான் இருக்கிறது விஷயம். நான் இயற்பியல் எடுத்தவள், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன் டவருக்குப் பேச வேண்டும். டவர் அருகில் இருந்தால் முணுமுணுத்தால் போதும், தூரம் என்றால் கத்த வேண்டும். கத்தும்போது அதன் ஆண்டெனா அதிகபட்சம் ஏறக்குறைய 200 மில்லிவாட் வெளியே விடும். அதை உண்டாக்கப் பேட்டரியிலிருந்து போவது அதைப்போல் பல மடங்கு. உங்கள் செட்டிநாட்டு வீட்டில் வாசலிலிருந்து வரிசையாக முகப்பு, பட்டாலை, முற்றமுள்ள வளவு, அப்புறம் இரண்டாம் கட்டு. செங்கல்லும் சுண்ணாம்புமாக முழ அகலச் சுவர்கள் எத்தனை தாண்ட வேண்டும், எண்ணிப் பாருங்கள். மாடக்குழி என்பது அந்தச் சுவருக்குள்ளேயே குடைந்த பொந்து. அங்கே உட்கார்ந்து லேப்டாப்புக்கும் சேர்த்துக் கத்துகிறது உங்கள் போன். டவர் இல்லாத சிம் வேறு நாளெல்லாம் தேடிக்கொண்டே இருக்கும்.

விளக்குச் சங்கதியைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. முழுச் சார்ஜில் செல் 4.2 வோல்ட், புதுப் போன்களில் இன்னும் சற்று மேலே. அந்த மின்னழுத்தமும் சூடும் சேர்ந்தால் பேட்டரிக்கு ஆயுசு வேகமாகக் குறையும். ஹாட்ஸ்பாட் சூடு, சார்ஜ் சூடு, அதன் பக்கத்தில் எண்ணெய் விளக்கு!

சும்மா வந்தவன்:
அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து, நேரு 1948-ல் கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடியில் வைத்துக்கொண்டு, மின்வேதியியல் ஊர்க்காரர் பேட்டரியை விளக்கடியில் வைக்கிறார்.

பள்ளத்தூர் பேரன்:
சிரிக்காதீர்கள் அண்ணே. ஆனால் சிக்கல் ஒன்று இருக்கிறது. அப்பத்தா படுத்திருப்பது இரண்டாம் கட்டுப் பகுதியில். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கணும். முகப்புக்குப் போய் உட்கார முடியாது.

சர்வீஸ் மேசை:
நீங்கள் போக வேண்டாம், போன் போகட்டும். வளவு முற்றம் மேலே திறந்ததுதானே? அதன் ஓரத் தூணில் நிழல் பக்கமாக மாட்டிப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் அங்கிருந்து இரண்டாம் கட்டு வாசல்வரை எட்டும். நெட்வொர்க்கை 4ஜிக்கு மாற்றுங்கள். 5ஜி அரைகுறையாக வருகிற இடத்தில் போன் மாறி மாறித் தாவும். இரண்டாவது சிம்மை அணையுங்கள். போன் விவரத்தில் சிம் நிலை என்ற பக்கம் இருக்கும், அங்கே சிக்னல் வலுவைக் காட்டும் டிபிஎம் எண் வரும். மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் சின்னதாக இருந்தால் நல்லது.

பள்ளத்தூர் பேரன்:
நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மாடக்குழியில் மைனஸ் 118. முற்றத்துத் தூணில் மைனஸ் 101. அதே லேப்டாப், அதே கணக்கு. குழியில் வைத்து ஒரு மணி நேரத்தில் 13 சதவீதம் இறங்கியது, தூணில் 6. ஹாட்ஸ்பாட்டை அணைத்துச் சும்மா மாட்டினால் 1. நேற்று இரவு படுக்கும்போது 28 இருந்தது, நடுவில் சார்ஜ் போடவில்லை. போனை அப்பத்தாவின் சுருக்குப் பையில் போட்டுத் தூணில் தொங்கவிட்டிருக்கிறேன். முதல் நாள், "அது என்னடா, தூளி கட்டியிருக்கே?" என்று கேட்டார்கள். இப்போது மணி அடித்தால், "உன் பை அழுவுது பாரு" என்கிறார்கள்.

80-க்கு மேல் ஏற்றாமல் நிறுத்தும் வசதி இந்தப் போனிலேயே இருந்தது, போட்டுவிட்டேன். 1,800 தப்பித்தது. மாடக்குழி இனி விளக்குக்கு மட்டும்தான்.

கோட்டையூர் டீச்சர்:
நல்லது. நிழல் மதியத்துக்கு மேல் நகரும், இரண்டு மணிக்குத் தூணை மாற்றுங்கள். அப்புறம் மழை வந்தால் முதலில் அந்தப் பையை எடுங்கள், முற்றத்துச் சாரல் தூண்வரை அடிக்கும்.