கலைச்சொல் விவாதம்: வண்டியின் எமிஷனும் விண்முகிலின் எமிஷனும்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் பிள்ளைகள். சென்ற வாரம் அவர்களுக்கு எழுதிக் கொடுத்த பாடக்குறிப்பில், “ஓரியன் விண்முகிலில் கார்பன் மோனாக்சைடு உமிழ்வு 1970இல் கண்டறியப்பட்டது” என்று ஒரு வரி இருந்தது. (விண்முகில் என்பது விண்வெளியில் வாயுவும் தூசும் திரண்ட முகில்; ‘எமிஷன்’ என்பதற்கு நாம் வழங்கும் சொல் ‘உமிழ்வு’.) எட்டாம் வகுப்பு படிக்கும் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் எழுந்து, “அங்கே எது எரியுது, மிஸ்?” என்று கேட்டாள். கேள்வி சரியானது, பிழை என் சொல்லில் இருந்தது.

அவள் அறிந்த கார்பன் மோனாக்சைடு உமிழ்வு, பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும் வேனில் அவள் அப்பாவின் வண்டிக்கு எடுக்கும் எமிஷன் டெஸ்டில் வருவது. எரிபொருள் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் அந்த வாயுவை வண்டி வெளியே விடுகிறது. விண்முகிலிலோ அதே மூலக்கூறு, தான் சுழலும் வேகத்தில் ஒரு படி இறங்கும்போது 2.6 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலையை விடுகிறது. 1970இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் ஆகிய ஆய்வாளர் மூவரும் கண்டது அந்த அலையைத்தான். இத்தகைய முகில்களின் பெரும்பகுதி 10 கெல்வின், அதாவது சுழியத்துக்குக் கீழே 263 டிகிரி செல்சியஸ் அளவே வெப்பமுள்ள கடுங்குளிர். எரிதலுக்கு அங்கே இடமே இல்லை. அக்குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு கண்ணுக்கும் கருவிக்கும் ஏறக்குறைய அகப்படுவதே இல்லை என்பதால், விண்மீன் பிறக்கப்போகும் இடங்களில் எவ்வளவு வாயு திரண்டிருக்கிறது என்பதை வானியலார் கார்பன் மோனாக்சைடின் அலையைக் கொண்டே கணிக்கிறார்கள்.

தொகையை விரித்துப் பார்த்தால் சிக்கல் எங்கிருக்கிறது என்பது விளங்கும். விண்முகிலில் கார்பன் மோனாக்சைடு உமிழ்கிறது, அது எழுவாய். வண்டியில் கார்பன் மோனாக்சைடை உமிழ்கிறது எஞ்சின். வாயு அங்கே செயப்படுபொருள். ‘கார்பன் மோனாக்சைடு உமிழ்வு’ என்று உருபு தொக்கு நிற்கும்போது இரண்டும் ஒரே உருவம் எடுத்துவிடுகின்றன. ஆங்கிலத்திலும் இந்த மயக்கம் உண்டு. அதை நாம் ஏன் அப்படியே வாங்கிச் சுமக்க வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வேனில் சைலன்சர் குழாய்க்குள் செருகும் ஆய்வுமுனை வாயுவை உறிஞ்சி ஒரு சிறு அறைக்குள் அனுப்புகிறது. அங்கே அகச்சிவப்பு ஒளி அதனூடே பாய, கார்பன் மோனாக்சைடு 4.6 மைக்ரோமீட்டரை ஒட்டிய ஒளியை விழுங்கிக்கொள்கிறது. எவ்வளவு ஒளி குறைந்தது என்பதே திரையில் விழுக்காடாகத் தெரிகிறது. ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து ஆராயும் நிறமாலையியல் கற்றவர் பார்வையில் அது முழுக்க முழுக்க உட்கவர்தல் அளவீடு. அதற்கு ‘உமிழ்வுச் சோதனை’ என்று பெயரிட்டுவிட்டு, அடுத்த பாடத்தில் உமிழ்வும் உட்கவர்தலும் எதிரெதிரானவை என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

‘புகை’ போதாது, கார்பன் மோனாக்சைடு நிறமற்றது, புகையே தெரியாத பெட்ரோல் வண்டியிலிருந்தும் வரும். ‘வெளியேற்றம்’ என்றால் குடிசைவாசிகளை வெளியேற்றுவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘காலல்’ அழகிய சொல். ஆனால் அதுவும் செயலையே குறிப்பதால் இதே மயக்கம் அதிலும் நீடிக்கும். சட்டம் எஞ்சினின் செயலை அளப்பதில்லை; கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று பொருளை அளக்கிறது. ஆகவே எஞ்சினுக்குப் பொருட்பெயர் வேண்டும். ‘கழிவளி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘உமிழ்வு’ ஒளிக்கும் கதிர்வீச்சுக்கும் உரியதாக இருக்கட்டும்.

மறுமொழி

அம்மையீர், வணக்கம். நான் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் எஞ்சின் சோதனைக்கூடம் ஒன்றில் பணிபுரிகிறேன். செயலைவிடப் பொருளுக்குப் பெயர் வேண்டும் என்ற தங்கள் கருத்தை ஏற்கிறேன். ஆனால் ‘வளி’ இடிக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 என்ற இந்திய வாகன மாசு வரம்பின்படி டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடுகள் கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இது வளிதான். அதே வரம்பு நுண்துகளுக்கு 4.5 மில்லிகிராம் என்கிறது; இது கரி. நாங்கள் ஒரு வட்ட வடிதாளை எடையிட்டு, புகையை அதன் வழியே செலுத்தி, மறுபடி எடையிடுகிறோம். பழைய டீசல் எஞ்சினாக இருந்தால், வெள்ளையாக உள்ளே போன தாள் அடுப்புக்கரி தடவியதுபோல் வெளியே வரும். அந்தக் கருமையைக் ‘கழிவளி’ என்று எழுத எனக்குக் கை வராது. வெறும் ‘எஞ்சின் கழிவு’ என்றாலோ, மாற்றி ஊற்றிய பழைய ஆயிலும் அதில் சேர்ந்துவிடும்.

மறுமொழி

ஐயா, தாங்கள் சொல்வது சரி. நான் வாயுவை மட்டும் நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். கழிவளியைத் திரும்பப் பெறுகிறேன்.

முதலில் ‘உமிழ்பொருள்’ என்று எண்ணினேன். அது வினைத்தொகை, உமிழ்ந்த பொருள் என்றும் விரியும், உமிழும் பொருள் என்றும் விரியும். விட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறோம். ‘உமிழ்கழிவு’ என்றால்? கழிவு ஒன்றை உமிழாது. உமிழப்பட்டதாகவே இருக்க முடியும். ஆகவே விரிவு ஒன்றே. வளியும் கரியும் இரண்டுமே அடங்கும். பழைய ஆயில் வடிக்கப்படுவது, உமிழப்படுவதன்று என்பதால் அது சேராது. செய்தித்தாள்களில் ஏற்கெனவே பழகிவிட்ட ‘உமிழ்’ என்ற வேரும் கைவிட்டுப் போகவில்லை. உமிழ்கழிவு வரம்பு, உமிழ்கழிவுச் சோதனை என்று தொடர்களும் தடையின்றி அமைகின்றன. விண்முகில் பக்கத்தில் உமிழ்வு, உமிழ்கோடு, உமிழ்நிறமாலை ஆகியவை இருந்தபடியே இருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கான குறிப்பில், “ஓரியன் விண்முகிலில் கார்பன் மோனாக்சைடு உமிழும் ரேடியோ அலை” என்றும், “எஞ்சினின் உமிழ்கழிவிலுள்ள கார்பன் மோனாக்சைடு” என்றும் பிரித்து எழுதியிருக்கிறேன். கேள்வி கேட்ட பெண்ணிடமே முதலில் படிக்கக் கொடுக்கப் போகிறேன். தங்கள் கூடத்தில் உடன் பணிபுரியும் தமிழர்களிடமும் இச்சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் வாயில் எங்கே தடுக்குகிறது என்று எழுதினால் திருத்திக்கொள்கிறேன்.