அப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய்: சைட்டோகைன் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இடுப்பு வலியை அந்த வேலையின் மிச்சம் என்றே விட்டுவிட்டோம். எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பில் கறுப்பாக இரண்டு புள்ளிகள்.

புற்று ஏன் எலும்புக்குப் போகிறது என்று தேடிப் படித்தேன். செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் புரதங்கள்தான் சைட்டோகைன். எலும்பு மஜ்ஜை சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைன் (செல்களை இழுக்கும் சைட்டோகைன் வகை), நோய் எதிர்ப்புச் செல்களைக் கூப்பிடும் சமிக்ஞை. அந்தச் சமிக்ஞையைப் பிடிக்கும் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி உள்ள புற்றுச் செல்லும் அதே வாசம் பிடித்து வந்துவிடுகிறது, காசிமேட்டு மீன் சந்தைப் பூனை மாதிரி! இன்டர்லூகின்-6 என்ற இன்னொரு சைட்டோகைன் அந்தச் செல் பிழைத்திருக்க உதவுகிறதாம்.

அதுவரை சரி. இப்போது மாமா இன்டர்லூகின்-6 ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார். அதனால் சிகிச்சை மாறுமா, பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை) மட்டும் போதுமா? புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்பவர்கள் யாராவது சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். அவரிடம் என்ன கேட்கலாம் என்றும் எழுதுங்கள்.