மரக்காலுக்குள் விளக்கு: உங்களை இன்னும் உறுத்துகிற ஒரு நாளைச் சொல்லுங்கள்

சிந்துபூந்துறைக்காரன்

2023 டிசம்பர் வெள்ளம். நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இதுக்கு மேல் விளக்கம் வேண்டாம். 18-ஆம் தேதி, திங்கள் ராத்திரி. கீழ் வீட்டில் இடுப்பளவு தண்ணீர், நாங்கள் மாடியில். தெரு முழுக்க இருட்டு. எங்கள் வீட்டில் மட்டும் இன்வெர்ட்டர் ஓடுகிறது, பேட்டரி மாடியில் இருந்ததால் தப்பியது.

மறுநாளும் கரண்ட் வராது என்று தெரிந்துபோச்சு. கைக்குழந்தை இருக்கிற வீடு. என் மனைவியிடம், "திரையை இழுத்து விட்டு சன்னலைச் சாத்து. வெளிச்சம் தெரிஞ்சா ஒவ்வொருத்தரா போனைத் தூக்கிட்டு சார்ஜ் போட வந்திருவாங்க" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். மழையில் ஊறிப்போன மரச் சன்னல், அவள் தள்ளியும் சாத்தவில்லை. நானே எழுந்து போய் ஓங்கி அறைந்து சாத்தினேன்.

பத்து நிமிஷம் இருக்காது. பக்கத்து வீட்டுத் தம்பி அவர் மொட்டை மாடியிலிருந்து கூப்பிடுகிறார். "அண்ணாச்சி! ஒங்க வீட்டு ஸ்டார் எரியுதே, கரண்ட் இருக்கா? அம்மாவுக்கு இழுப்பு கூடிட்டு. மிஷின் போடணும்."

ஸ்டார். டிசம்பர் ஒண்ணாந்தேதி மாடி முகப்பில் நானே ஏறிக் கட்டின காகித ஸ்டார். அதன் வயரும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருந்திருக்கிறது. வீட்டுக்குள் இருந்த வெளிச்சத்தை எல்லாம் மூடிவிட்டேன், அது மட்டும் தெருவைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு பேருமாய் அந்த அம்மாவைக் கைப்பிடிச் சுவருக்கு மேலாகத் தூக்கி எங்கள் மாடியில் இறக்கினோம். நெபுலைசரை மாட்டி, ஆவி வர ஆரம்பித்து, மூச்சு கொஞ்சம் இறங்கினதும் அவர்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒமக்குப் புண்ணியமாப் போவும் ய்யா" என்றார்கள். கை சில்லென்று இருந்தது. அந்தக் குளிர் இன்னும் மணிக்கட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

எங்கள் தெருவில் இன்றைக்கும் "வெள்ளத்தன்னைக்கு வேதக்காரர் வீட்டுலதான் வெளிச்சம் இருந்துச்சு" என்று சொல்கிறார்கள். வேதக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர். நான் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறவன். "விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்காமல்" என்கிற வசனம் வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. பிள்ளைகள் "மரக்கால்னா என்ன சார்?" என்று கேட்கிறார்கள். நெல் அளக்கிற பாத்திரம் என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறேன். இப்படி ஒன்று உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

தேரிக்காட்டு மகள்

எங்கள் அப்பா பனையேறி. உடன்குடிப் பக்கம். அம்மா பதநீர் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பாள். அக்காவுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய வருஷம், பதநீர் வரத்தும் மோசம். ஊரில் பாதிப் பேர் சீனி போட்டுத்தான் காய்ச்சினார்கள். ஒரே ஒரு காய்ச்சலில் அப்பாவும் போட்டார். நான் அடுப்பில் ஓலை தள்ளிக்கொண்டிருந்தேன், பார்த்தேன். சீனி மூட்டையைப் பிரிக்கும்போது அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

கடைக்கு நானும் கூடப் போனேன், எனக்குப் பதினொரு வயசு. கடைக்கார பாய் ஓலைப்பெட்டியைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்தார். உடைக்கப் போன வேலையாளைத் தடுத்து, "வேதக்காரர் வீட்டுச் சரக்கு. ஒடச்சிப் பாக்க வேண்டாம், எடையப் போடு" என்றார்.

அப்பா பணத்தை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார். பஸ் வந்தது, போனது. ஏறவில்லை. திரும்பிக் கடைக்கே நடந்தார். கடையில் நாலு பேர் நின்றார்கள், அத்தனை பேர் முன்னாடியும், "பாய், அதுல சீனி கெடக்கு" என்று சொல்லிப் பணத்தை மேசையில் வைத்தார். பாய் ஒன்றும் பேசாமல் ஒரு துண்டை உடைத்து நாக்கில் போட்டுப் பார்த்தார். கரிப்பே இல்லாத தித்திப்பு. பாதி விலைதான் தந்தார்.

அதற்கப்புறம் நாலு வருஷம் எங்கள் பெட்டியில் ஒன்றை உடைத்துப் பார்த்த பிறகுதான் எடை போடுவார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். ஆனால் வேறு யாரிடமும் விற்கப் போகவில்லை. ஐந்தாவது வருஷம் பாய் உடைக்கவில்லை.

உறுத்துவது அதெல்லாம் இல்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போது, நாலு பேர் முன்னால் அப்பா எங்களை அசிங்கப்படுத்திவிட்டார் என்ற கோபத்தில் வீடு வரைக்கும் நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. தேரிச் செம்மணலில் அவர் இரண்டு தடவை கையை நீட்டினார்.

பாளை வாத்தியார்

தம்பி, நீங்கள் ரொம்ப மனதைப் போட்டு வாட்டிக்கொள்கிறீர்கள். கூப்பிட்டதும் அந்த அம்மாவைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தீர்கள் அல்லவா? அதோடு விடுங்கள். எனக்கு வேறொரு கவலை. மத்தேயு ஐந்தில் "உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது" என்று சொன்ன ஆண்டவர்தான், ஆறில் "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்றார். நம் ஆட்கள் ஐந்தை மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆறை விட்டுவிடுவார்கள்.

என் கதை நாலு வரி. ஒரு பையனுக்கு இரண்டு வருஷம் விடுதிக் கட்டணம் கட்டினேன். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, முந்தின ராத்திரிக் கூட்டத்தில் சாட்சி சொல்லும்போது, பெயர் சொல்லாமல்தான், அதைச் சொன்னேன். அவன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வெளியே போனான். கூட்டம் முடிந்து வந்து பார்த்தால் அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. வெறுங்காலோடு போயிருக்கிறான். 1994-இல் நடந்தது. அதற்குப் பிறகு நான் சாட்சி சொல்வதில்லை.

டோனாவூருக்குப் போனவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே அரை நூற்றாண்டு வாழ்ந்தார். 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு 1951-இல் சாகும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே. கல்லறைக்கு மேல் கல் எதுவும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் வளர்த்த பிள்ளைகள், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் "அம்மா" என்று மட்டும் எழுதினார்கள். வெளிச்சம் என்றால் எனக்கு அதுதான்.

இன்வெர்ட்டர் சம்பந்தமாக ஒன்று. கைக்குழந்தை இருக்கிற வீடு என்கிறீர்கள், பக்கத்தில் இழுப்புக்காரர் வேறு. புரட்டாசி பிறந்ததும் பேட்டரியைத் திறந்து தண்ணீர் மட்டம் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் துடைத்துவிட்டு வாசலின் தடவுங்கள். நெபுலைசர் ஓடுகிற பத்து நிமிஷத்துக்குப் பேட்டரி பெரிதாக இறங்காது, பயப்பட வேண்டாம். பேட்டரியைத் தின்பது ராத்திரி முழுக்கச் சுற்றுகிற ஃபேன்தான். எல்.இ.டி. ஸ்டார் இழுக்கிற கரண்டு ஒன்றுமே இல்லை. போன் சார்ஜும் அப்படித்தான், தெருவே வந்து போட்டாலும் தாங்கியிருக்கும். அந்த அம்மாவுக்குச் சார்ஜ் போட்டு வைத்துக்கொள்கிற கையடக்க நெபுலைசர் ஒன்று வாங்கித் தரச் சொல்லி மகனிடம் சொல்லுங்கள். மருந்தை டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

உவரிக் கடலோரம்

நாங்க ஆர்.சி. எங்க வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் வள்ளத்துப் பங்கில தகராறு, மூணு வருஷமா முகம் பாக்கல. பாஸ்கா திருவிழிப்பு, அதான் ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி. கோயில்ல எல்லா விளக்கையும் அணைச்சாச்சு. சாமியார் பாஸ்கா திரியைத் தூக்கிட்டு "கிறிஸ்துவின் ஒளி இதோ"ன்னு பாடி உள்ளே வாராங்க. ஒருத்தர் திரியிலருந்து அடுத்தவர் திரிக்குன்னு பத்தவச்சிட்டே வரணும்லா. அந்த இருட்டுல யாரு பக்கத்துல யாரு நிக்கோம்னு தெரியாது.

எனக்கு இந்தப் பக்கம் நின்னவரு திரும்பினாரு. திரி வெளிச்சத்துல பாக்கேன், சித்தப்பா. அவருக்கும் அப்பதான் தெரியுது. ரெண்டு பேரும் அப்படியே நிக்கோம். எரியுற திரியைச் சாய்க்கக்கூடாது, மெழுகு சொட்டும். பத்தாத திரியைத்தான் சாய்க்கணும். அப்ப நான்தானே சாய்க்கணும்? சாய்க்கல. கை வரல.

சித்தப்பா அவரு திரியைச் சாய்ச்சாரு. மெழுகு அவரு பெருவிரல்ல ஊத்துது, கையை உதறல. என் திரி பத்துற வரைக்கும் பிடிச்சிட்டு நின்னாரு. ஒரு வார்த்தை பேசல. தகராறு தீந்துட்டான்னு கேட்டா, இல்ல. அந்தப் பெருவிரலைத்தான் சொல்ல வந்தேன்.

செந்தூர் எக்ஸ்பிரஸில் இருந்தவன்

வாத்தியார் ஐயா சொல்வதில் பாதிதான் எனக்குச் சரி. மறைவாகச் செய்வது நல்லதுதான். ஆனால் வேறு ஒன்றை யாருமே பேசவில்லை. "வேதக்காரர் வீட்டுலதான் வெளிச்சம்" என்று முதலில் எழுதியவர் சொல்கிறார். அதே வெள்ளத்தில் நான் எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன்.

17-ஆம் தேதி ராத்திரி திருச்செந்தூரில் சென்னைக்கு ஏறினேன். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தினார்கள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பேர். செவ்வாய்க்கிழமைதான் வெளியே கொண்டுவந்து, மணியாச்சியிலிருந்து வேறு ரயில் விட்டார்கள். இடையில் எங்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். அவர்கள் ஊரும் வெள்ளத்தில்தான் இருந்தது. வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் வைத்துப் பொங்கினார்கள்.

என் கையில் சோற்றை வைத்த அக்காவுக்கு முந்தானை எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். நான் வழக்கம்போலக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். பசியில் நீட்டிவிட்டேனோ என்னவோ, கண்ணைத் திறந்தால் அந்த அக்கா குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நிற்கிறார். பின்னால் ஐம்பது பேர் வரிசை. "சாமி கும்பிட்டு முடிச்சாச்சா தம்பி? குழம்பு ஊத்தட்டுமா?" என்றார். எனக்காக நின்றிருக்கிறார், வரிசையையும் நிறுத்தி வைத்திருக்கிறார்.

"அந்த ஒளி இருளிலே பிரகாசிக்கிறது" என்று யோவான் எழுதினாரே, அதை எத்தனை தடவை வாசித்திருப்பேன். நான் வெளிச்சம், எதிரே இருக்கிறவர் இருள் என்றே வாசித்திருக்கிறேன். அன்றைக்கு யார் எங்கே நின்றார்கள் என்று எனக்கு இப்பவும் வரிசைப்படுத்தத் தெரியவில்லை. கிறிஸ்துவை விட்டுக்கொடுத்து இதைச் சொல்லவில்லை. அவருடைய வெளிச்சம் நான் எதிர்பார்க்காத கையிலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறேன்.

பாளை வாத்தியார்

தம்பி, அந்த அக்கா செய்ததை நான் மறுக்கவில்லை. "உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளியே அந்த மெய்யான ஒளி" என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் "நீங்கள் உலகத்துக்கு வெளிச்சமாயிருக்கிறீர்கள்" என்பது சீஷர்களைப் பார்த்துச் சொன்னது. அந்தப் பொறுப்பிலிருந்து நாம் நழுவிக்கொள்ளக் கூடாது.

நாலுமாவடி பேத்தி

வாத்தியார் தாத்தா, நீங்கள் பாளையில்தான் இருக்கிறீர்கள். கிளாரிந்தா அம்மையார் கட்டின கோயிலைத் தாண்டாமல் இருந்திருக்க மாட்டீர்கள். 1785-இல் கட்டினது, இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறோம். கல்யாணம் ஆகாமல் ஒரு ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்கிறார் என்று சொல்லி முதலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் கொடுத்தார். திருநெல்வேலிச் சபை அந்த அம்மாவிடமிருந்துதான் தொடங்குகிறது. சன்னலைச் சாத்தின அண்ணாச்சிக்காக இதை எழுதுகிறேன்.

தேரிக்காட்டு அக்கா, உங்க அப்பா இருக்காங்களா?

தேரிக்காட்டு மகள்

இருக்காங்கம்மா. எண்பத்திரண்டு. மரம் ஏறி ஏறி நெஞ்செல்லாம் காய்ப்பு. போன ஞாயிறு கோயிலுக்குக் கைத்தாங்கலா நான்தான் கூட்டிட்டுப் போனேன். இதை எழுதினதை வாசித்துக் காட்டினேன். "நீ கையைப் பிடிக்கலயா? எனக்கு நெனப்பில்லையே" என்கிறார்.

சிந்துபூந்துறைக்காரன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாத்தியார் ஐயா, பேட்டரித் தண்ணீர் பார்த்தேன், இரண்டு செல்லில் குறைந்திருந்தது.

தேரிக்காட்டு அக்காவின் அப்பா பஸ்ஸில் ஏறாமல் திரும்பி நடந்ததைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. இன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள், தம்பியும் இருந்தார். நின்றபடியே சொன்னேன். வெளிச்சம் தெரியக்கூடாது என்று நான்தான் திரையை இழுக்கச் சொன்னேன், ஸ்டாரை அணைக்க மறந்ததால்தான் எரிந்தது என்று.

தம்பி அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா பூண்டிலிருந்து கையை எடுக்காமலே, "தெரியும் ய்யா. நீரு சன்னலை அறைஞ்சி சாத்துன சத்தம் எங்க மாடிக்கே கேட்டுச்சே. இவன் கூப்பிட மாட்டேன்னுதான் நின்னான். ஸ்டாரு எரியுதுல்லா, கூப்புடுலேன்னு நான்தான் சொன்னேன்" என்றார்கள். பிறகு தம்பியின் மனைவியைக் கூப்பிட்டு, "அண்ணாச்சிக்குக் காப்பி போடு தாயி, கருப்பட்டி போட்டு" என்றார்கள்.